நான்கு கல்லின் மேல் ஒரு கார், அதற்குள் நான்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்றைக்கு நடந்த அத்தனைக்கும் காரணம் என் முட்டாள்தனம்தான். டயர் கடைக்காரர் மேல் தப்பில்லை, காலையில் இறங்கிய மேகத்தின் மேல் தப்பில்லை, கார் மேலும் தப்பில்லை. கம்பி வீலுக்கு டியூப் இல்லாமல் டயர் மாட்டச் சொன்ன ஆள், எனக்குத் தெரிந்து, இந்தச் சேர்வராயன் மலையில் நான் ஒருவன்தான். அதோடாவது நிறுத்தினேனா? கழற்றிய நல்ல டியூப்களைத் தானமும் பண்ணினேன்.

கார் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். ஐம்பது வயது ஆனதும் சிலர் மாலை போட்டுக்கொள்கிறார்கள், சிலர் சர்க்கரை பார்த்துக்கொள்கிறார்கள். நான் கார் வாங்கினேன். நீள மூக்கு, உருண்டை விளக்கு, இரண்டே சீட்டு, மேலே துணிக்கூரை, சைக்கிளுக்கு இருப்பதுபோல் கம்பி வைத்த வீல். தூரத்தில் இருந்து பார்த்தால் வெள்ளைக்கார துரை எஸ்டேட்டுக்கு வந்து இறங்குகிற பந்தயக் கார். கிட்டே வந்தால் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் அடித்த தகரம். உள்ளே ஓடுவது ஏதோ ஒரு பழைய வாடகைக் காரின் இன்ஜின். வேஷம் துரை, வயிறு டாக்சி. டிரைவர் பக்கத்துக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது, வெளிக் கைப்பிடி ஜன்னலில் இருந்து எட்டாது, நடுவில் இருக்கிற மேட்டைத் தாண்டி அடுத்த சீட்டுக்குப் போகவும் முடியாது, யாராவது வெளியே இருந்து திறந்துவிட வேண்டும். ஈரம் பட்டால் துணிக்கூரையின் கொக்கி இறுகிக்கொள்ளும். ஏற்காட்டில் ஈரம் படாத நாள் எது?

நான் ஊருக்குள் நான்கு ரூம் வைத்து லாட்ஜ் நடத்துகிறேன். விருந்தாளிகள் காரின் மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கார் அதுவரை செய்திருந்த பெரிய வேலை அதுதான்.

என் மனைவி டீச்சர். பள்ளிக்கூடம் கீழே, சேலத்தைத் தாண்டி. ஏழு வருஷமாகத் தினமும் இறங்கி ஏறுகிறாள். போகும்போது இருபது கொண்டை ஊசி வளைவு, வரும்போது அதே இருபது. கையில் ஒரு எலுமிச்சம்பழம், பையில் ஒரு பாலிதீன் கவர். எட்டாவது வளைவு வரைக்கும் தாங்குவாள், அதற்கு மேல் ஜன்னலோரச் சீட்டு கிடைத்த நாள் நல்ல நாள், கிடைக்காத நாள் பக்கத்துச் சீட்டுக்காரருக்கும் கெட்ட நாள். நான் அந்த நேரத்தில் லாட்ஜ் வாசலில் இரண்டாவது டீ குடித்துக்கொண்டு இருப்பேன்.

அந்த வருஷ மாறுதல் கலந்தாய்வில் மலையில் இரண்டு இடம் காலி என்று சேதி வந்தது. ஒன்று எங்கள் ஊருக்குள்ளேயே, மற்றொன்று செம்மநத்தத்துப் பக்கம். சேலத்தில் மதியம் ஒரு மணிக்கு ஆரம்பம். சீனியாரிட்டிப்படி பேர் வாசிப்பார்கள்.

"பேரைக் கூப்புடும்போது ஆளு அங்கே இருக்கோணுங்க. இல்லீன்னா அடுத்த பேரு. அவ்வளவுதான். அப்புறம் எப்ப இடம் காலியாகுமோ, யாரு கண்டா" என்றாள்.

பத்து மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. அதில் போயிருந்தால் பன்னிரண்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கலாம். நான்தான், "பஸ்ஸுல கசங்கிக்கிட்டுப் போய் நிக்காத. உன்னைக் கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுக்கும்போது நான் பார்க்க நன்றாக இருப்பேன்.

அவள் போய்க் காரைச் சுற்றிவந்து டயரைக் குனிந்து பார்த்தாள். "இது டயருங்களா, மொட்டை மண்டைங்களா? அம்பதுல போனா ஸ்டீரிங் மாவு சலிக்கறாப்பல ஆடுது. புது டயர் மாத்தி, பேலன்ஸும் பாத்தாத்தான் ஏறுவேன்."

இதைச் சொல்லி இரண்டு வாரம் இருந்தது. இரண்டு வாரத்தையும் எந்த டயர் வாங்குவது என்று வீடியோ பார்ப்பதிலேயே செலவழித்தேன். கடைசியில் சேலத்தில் இருந்து நான்கு டயரும் பஸ்ஸில் ஏறி வந்து சேர்ந்தது கலந்தாய்வுக்கு முந்தின நாள் சாயங்காலம்.

காலை எட்டு மணிக்கு எங்கள் ஊர் ஒண்டிக்கடை முக்கில் இருக்கிற டயர் கடை வாசலில் நின்றேன். கடைக்காரர் சேலத்துக்காரர், ஒற்றை ஆள் கடை. பேச்சையும் காற்றையும் ஒரே அளவாகப் பிடிக்கிறவர், தேவைக்கு மேல் ஒரு பாயிண்ட் விடமாட்டார். காரைப் பார்த்துவிட்டு, "வீலுக்கு நடுவுல ரெண்டு காது வெச்ச நட்டு ஒண்ணுதானுங்களா?" என்றார். ஆமாம். மரச் சுத்தியலால் காதில் தட்டினால் நட்டு சுழன்று கழலும், மொத்த வீலும் கையோடு வந்துவிடும்.

"தட்டறப்ப வீல் சுத்தக் கூடாதுங்க. உள்ளே உக்காந்து பிரேக்கை அமுத்திப் பிடிங்க."

உட்கார்ந்தேன். அவர் கதவைச் சாத்தினார். மேகம் இறங்கித் தூறல் போட்டதால் துணிக்கூரையை இழுத்து மாட்டியிருந்தேன், அது தன் வழக்கப்படி இறுகிக்கொண்டது. டங், டங் என்று ஒவ்வொரு நட்டாகத் தட்டினார். ஜாக்கி ஏற்றி, நான்கு மூலைக்கும் கருங்கல்லும் மரக்கட்டையும் அடுக்கினார். நான்கு வீலும் கழன்று போனது. நான் இறங்கலாம் என்று லேசாகப் புரண்டேன். கார் 'கிர்ர்' என்றது.

"அசையாதீங்க!" முதல்முறையாகச் சத்தமாகப் பேசினார். "உங்க எடையையும் சேர்த்துத்தான் கட்டை குடுத்திருக்கறனுங்க. இறங்குனீங்கன்னா வண்டி அந்தப் பக்கம் சாஞ்சுக்கும்."

"மாத்தி வெக்க முடியாதுங்களா?"

"வெக்கலாங்க. பூராத்தையும் பிரிச்சு மறுபடி வெக்க அரை மணி நேரம் ஆகும். உங்களுக்கு அவசரம்னீங்களே."

அவசரம்தான். உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக வரலாமா என்று அளந்து பார்த்தேன். தலை போகும், ஒரு கையும் போகும். மீதி இங்கேயே தங்கிவிடும்.

எனக்குப் பின்னால் வரிசையில் ஒரு பிக்கப் வண்டி நின்றது. முழுக்கப் பலாப்பழம். அதன் சொந்தக்காரர் செம்மநத்தத்து விவசாயி, என் வயதுதான் இருக்கும். பின் டயர் பஞ்சர். என் வேலை முடிந்தால்தான் அவர் வேலை. காத்திருக்கிற எரிச்சல் இல்லாமல், வேடிக்கை பார்க்க இடம் பிடித்தவர்போல் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, உள்ளே இருந்து வெளியில வர முடியாதுங்களா?"

"முடியாதுங்க."

"அப்பொ இதுக்கு எதுக்குங்க கதவு?"

நான் கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டேன்.

கடைக்காரர் பழைய டயரில் இருந்து டியூப்களை உருவி வெளியே போட்டார். புது டயரைக் கையில் எடுத்துத் திருப்பினார். "புது டியூப் எங்கீங்க?"

இங்கேதான் என் அறிவு பேச ஆரம்பித்தது. "இது டியூப்லெஸுங்க. பாருங்க, சைடுல எழுத்தே போட்டிருக்குது."

"டயர் டியூப்லெஸ்தானுங்க. வீலு கம்பி வீலுங்களே. கம்பிக்குக் கம்பி ஓட்டை இருக்குது. காத்து நிக்காதுங்க."

"நிக்கும். வீடியோவுல பாத்தேன்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கல்லின் மேல் நிற்கிற காருக்குள் மாட்டிக்கொண்டு ஆலோசனை சொல்கிற ஆளிடம் வாதாடுவது வீண் என்று தோன்றியிருக்க வேண்டும். "உங்க வண்டிங்க" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

விவசாயி டியூப்களை ஆசையாகப் பார்த்தார். "ஏனுங்க, இது உங்களுக்கு வேணுங்களா? பலாப்பழம் உருளாம இழுத்துக் கட்டறதுக்கு இதாட்டம் வராதுங்க."

"எடுத்துக்கங்க, நாலும் எடுத்துக்கங்க" என்று ஜன்னல் வழியாகக் கை வீசினேன். கர்ணன் கூட நின்றுகொண்டுதான் கொடுத்திருப்பான், நான் உட்கார்ந்துகொண்டே கொடுத்தேன். அவர் உடனே இடுப்பில் இருந்த கொடுவாளை எடுத்து ஒரு டியூப்பை நாடா நாடாவாகக் கிழித்துப் பழத்தைக் கட்டத் தொடங்கினார்.

ஒன்பதே காலுக்கு மனைவி போன் பண்ணினாள். "ஆச்சுங்களா?"

"ஆயிட்டே இருக்குது. பத்து நிமிஷம்."

முதல் வீலில் புது டயர் ஏறியது. காற்று அடித்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். வீலைச் சுற்றி, கம்பிக்குக் கம்பி, குமிழி குமிழியாக வந்தது. இடியாப்பக் குழலை அமுக்கினால் எப்படி எல்லா ஓட்டையிலும் ஒரே சமயத்தில் வருமோ, அப்படி. கடைக்காரர் வீலைத் தூக்கிவந்து ஜன்னல் பக்கம் காட்டினார். உஸ்ஸ் என்று நாலாபக்கமும் சத்தம். விவசாயி கிழிப்பதை நிறுத்தினார்.

"பழைய டியூப்பையே போட்டுரலாங்க" என்றார் கடைக்காரர். "நல்லாத்தான் இருந்துச்சு."

நான் விவசாயியைப் பார்த்தேன். அவர் கையில் இருந்த நாடாவைப் பார்த்தார். அப்புறம் பலாப்பழத்தைப் பார்த்தார்.

"ஒண்ணைத்தானுங்க அறுத்தேன்" என்றார். "மூணு முழுசா இருக்குது. தர்றேன். குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதுக்கு உங்களுக்குத்தான் சங்கடம், எனக்கென்னங்க."

அந்தச் சங்கடத்தோடு மூன்றை வாங்கினேன். நான்காவதுக்கு டிக்கியில் இருந்த ஸ்டெப்னியைக் கழற்றி, அதன் டியூப்பை உருவ வேண்டும். டிக்கிச் சாவி என் பாக்கெட்டில். பாக்கெட்டுக்குக் கை போக நான் லேசாக எழும்ப வேண்டும். எழும்பினால் கார் கிர்ர் என்கிறது. சாவியை எடுக்கவே ஐந்து நிமிஷம் ஆனது, மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஒன்பதரைக்கு இரண்டாவது போன். "பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பட்டுங்களா?"

இப்போது நினைத்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிற இடம் இது. 'கிளம்பு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால், 'டியூப்லெஸ்னு பீத்துனேன், குமிழி வந்துருச்சு, நான் காருக்குள்ள மாட்டிக்கிட்டேன்' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. "வேண்டாம் வேண்டாம், பத்தே நிமிஷம். நீ ரெடியா இரு" என்றேன்.

பத்து மணி பஸ் ஒண்டிக்கடை வழியாகத்தான் போகும். மேகத்துக்குள் இருந்து மஞ்சள் விளக்கு முதலில் தெரிந்தது. அப்புறம் பஸ். என் ஜன்னலுக்கு மூன்றடி தூரத்தில் நின்று ஆள் ஏற்றியது. ஜன்னலோரத்தில் ஒரு சீட்டு காலியாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். கண்டக்டர் குனிந்து என்னைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, சக்கரம் பின்னாடி வருதுங்களா?" என்று கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. விசில் அடித்து பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு சுற்றுலாக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். நான்கு கல்லின் மேல் பச்சைக் கார், உள்ளே மீசை வைத்த ஆள், மேகம். சாலையோரத்தில் வைத்த காட்சிப் பொருள் என்றே நினைத்துவிட்டார்கள். ஒரு குடும்பம் இரண்டு பக்கமும் நின்று படம் எடுத்தது. "அங்கிள், கொஞ்சம் சிரிங்க" என்றது ஒரு பெண். சிரித்தேன். வேறென்ன செய்ய? இப்போது ஏதோ ஒரு வீட்டின் ஆல்பத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சிரித்து முடித்துத் திரும்பினால் எதிரே என் மனைவி. நடந்தே வந்துவிட்டாள். சந்தனக் கலர் புடவை, கையில் சர்ட்டிபிகேட் வைத்த பிளாஸ்டிக் பைல், தூறலில் நனையாமல் இருக்க அதை முந்தானைக்குள் வைத்திருந்தாள். முதலில் காரைப் பார்த்தாள். காருக்குக் கீழே பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"வீலு எங்கீங்க?"

"அந்தா, கடைக்குள்ள இருக்குது."

"நீங்க எதுக்கு உள்ளே உக்காந்திருக்கறீங்க?"

"நான் இறங்குனா வண்டி சாஞ்சுருமாம்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம். அவள் என்னை விட்டுவிட்டுக் கடைக்காரரிடம் திரும்பினாள். "ஏனுங்க, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? நெசத்தைச் சொல்லுங்க."

"ரெண்டு வீல்ல டியூப் ஏத்திட்டனுங்க டீச்சர். இன்னும் ரெண்டு. அப்புறம் பேலன்ஸு. மிஷின் கீழதான், இங்கே ஒவ்வொண்ணா கையில சுத்தித்தான் பாக்கோணும். பேலன்ஸ் இல்லாமயும் போலாங்க. வளைவுல ஸ்டீரிங் உதறும், அவ்வளவுதான்."

"எத்தனை மணி?"

"பேலன்ஸோட, ஒண்ணு."

பேர் வாசிக்க ஆரம்பிக்கிற நேரம். அடுத்த பஸ் பதினொன்றே காலுக்கு. அதுவும் அன்றைக்கு உண்டா என்பது அதன் இஷ்டம். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஏழு வருஷத்தில் எத்தனையோ காலை அவள் அந்த எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன், அந்த முகம் பார்த்ததில்லை. எழுந்துபோய்ப் பக்கத்தில் நிற்கலாம் என்றால், எழவும் முடியாது. கார் என்னைப் பிடித்து வைத்திருந்தது. கார் மட்டுமா? நான் சொன்ன ஒவ்வொரு பத்து நிமிஷமும் சேர்ந்து ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வைத்திருந்தது.

விவசாயிதான் எழுந்தார். "ஏனுங்க டீச்சர், நான் சேலத்துக்குத்தான் போறனுங்க. மண்டிக்கு. பஞ்சரை ஒட்டிக் குடுத்தா உடனே கிளம்பிருவேன். முன்சீட்டு சும்மாதான் இருக்குது. பலாப்பழ வாசம் மட்டும் நொம்ப அடிக்கும்."

அவள் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. கடைக்காரரிடம், "மொதல்ல இவரு வண்டியைப் பாருங்க. அவரு எங்கேயும் போயிற மாட்டாரு" என்றாள்.

போய்விட மாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. என் மூன்றாவது வீலைப் பாதியில் வைத்துவிட்டுக் கடைக்காரர் பிக்கப்புக்குப் போனார். இருபது நிமிஷத்தில் பஞ்சர் ஒட்டி மாட்டினார். மனைவி முன்சீட்டில் ஏறி, ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கினாள். பின்னால் பலாப்பழம் எல்லாம் என் டியூப்பின் நாடாவில் கச்சிதமாகக் கட்டி நின்றது, ஒன்றுகூட அசையவில்லை.

"போனதும் போன் பண்ணு" என்று கத்தினேன்.

அவள் கையை மட்டும் வெளியே காட்டினாள். அது 'சரி'யா, 'போதும்'மா என்று தெரியவில்லை. மேகத்துக்குள் பிக்கப் மறைந்தது.

அதன்பிறகு இரண்டு மணி நேரம். மூன்றாவதும் நான்காவதும் முடிந்தது. கடைக்காரர் வீலைக் காரின் முன்பக்க அச்சிலேயே மாட்டி, தரையில் படாமல் கையால் மெல்லச் சுற்றிவிட்டார். "பிரேக்ல கால் வெச்சுறாதீங்க." வீல் சுற்றியது, வேகம் குறைந்தது, முன்னும் பின்னும் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. கீழே வந்து நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மறுபடி சுற்றிவிட்டார். அதே இடம்தான் கீழே. அங்கேதான் எடை கூட. நேர் எதிர்ப்பக்கம் ஒரு ஈயத்துண்டை ஒட்டினார். சுற்றினார். இப்போது வேறு இடத்தில் நின்றது. இன்னொரு சின்னத் துண்டு. எந்த இடத்தில் விட்டாலும் அந்த இடத்திலேயே வீல் நிற்கும்வரை விடவில்லை.

முன் வீலுக்கும் முன் அச்சு, பின் வீலுக்கும் முன் அச்சு. நான்கையும் அங்கேயே மாட்டி மாட்டிப் பார்த்தார். எனக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. மணி பன்னிரண்டு. பிக்கப் அடிவாரம் தாண்டியிருக்கும். பன்னிரண்டரை. எட்டாவது வளைவில் அவளுக்கு என்ன ஆகியிருக்கும்? கவர் எடுத்துப்போனாளா? பலாப்பழ வாசத்தோடு போய் அதிகாரி முன்னால் நிற்பாளா? போன் பண்ணினேன். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி பண்ணினேன். கடைக்காரர் வீலில் இருந்து கண்ணை எடுக்காமல், "சும்மா கூப்புடாதீங்க. அங்கே பேரு வாசிக்கறப்ப இது மணியடிக்கப் போவுது" என்றார். போனைச் சீட்டில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கேயும் போகாத காரில் ஆள் எவ்வளவு ஒழுங்காக ஓட்டுகிறான்!

ஒரு மணிக்கு நான்கு வீலும் தரையைத் தொட்டது. கடைக்காரர் வெளியே இருந்து கதவைத் திறந்துவிட்டார். இறங்கினேன். கால் மரத்துப்போய், இறங்கியதும் அப்படியே டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். "உங்களையும் ஒரு சுத்து சுத்திப் பாக்கோணுமுங்க" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே ஜோக்.

ஏரியைச் சுற்றி ஒரு தடவை ஓட்டிப்பார்த்தேன். வண்டி அவ்வளவு சுகமாக ஓடியது. ஐம்பதில் ஸ்டீரிங் தட்டில் வைத்த பால் மாதிரி அசையாமல் இருந்தது. பக்கத்துச் சீட்டு காலி. சந்தோஷப்படத்தான் டயரை மாற்றினேன், ஓட்ட ஓட்ட மனசு கனத்தது. இரண்டு ஆகிறது, இரண்டரை ஆகிறது, போன் வரவில்லை. அவள் போய்ச் சேர்வதற்குள் பேர் தாண்டிப் போயிருந்தால், இன்னும் எத்தனை வருஷம் அந்த எலுமிச்சம்பழம்? ஏரிக்கரையிலேயே வண்டியை நிறுத்தி, ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு போனையே பார்த்தேன். இறங்கலாம் என்றால் கதவைத் திறந்துவிட ஆள் இல்லை.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. அவள் 'ஹலோ' சொல்வதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். "கிடைச்சுதா? பேரு கூப்புடறப்ப இருந்தியா? எந்த ஸ்கூலு? செம்மநத்தமா? செம்மநத்தமா இருந்தாலும் பரவால்ல, வண்டி இப்ப வெண்ணெயாட்டம் ஓடுது, தெனமும் காலையில நானே கார்ல கொண்டாந்து விட்டுர்றேன், சாயங்காலம் நானே வந்து கூட்டிக்கறேன்..."

மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"நம்மூட்டுல இருந்து நடந்து போற தூரந்தானுங்க" என்றாள்.